காலி மாதம் இல்லாத வீடு

அரசு அலுவலகத்துக்கென்று தனியார் கட்டடம் ஒன்றை வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், முதலில் பொறியாளர் அளந்து பார்த்து நியாய வாடகைச் சான்று தர வேண்டும். பிறகு தலைமையிடம் அனுமதிக்க வேண்டும். அதன் பிறகு ஒப்பந்தம் எழுத வேண்டும். எல்லாம் முடிந்த பிறகே மேசை நாற்காலியோடு உள்ளே நுழைய வேண்டும். விதி இவ்வளவுதான், இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. பணியில் இருந்த காலம் முழுவதும் இதை நான் பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். என் தங்கையின் வீட்டுக்கு மட்டும் மேசை நாற்காலி முதலில் வந்துவிட்டது. மற்றவை பாண்டிச்சேரியிலிருந்து நடந்தே வந்தன என்று நினைக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. அப்போது நான் காரைக்காலில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். தங்கையின் கணவர் தவறிப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் ஊர் திருநள்ளாற்றுப் பக்கத்துக் கிராமம். நெல் விவசாயக் குடும்பம். இறந்தவரின் பங்கு நிலத்தை அவர் தம்பியே எடுத்துக்கொண்டு, நாலு பேர் முன்னிலையில் அதற்குரிய பணத்தை என் தங்கையிடம் எண்ணிக் கொடுத்தார். நேர்மையான மனிதர். கொடுத்த கையோடு, "அண்ணி இங்கேயே இருக்கட்டும், பணமும் எங்கிட்டயே பத்திரமா இருக்கட்டும்" என்றும் சொன்னார். அதாவது பணம் அவருடைய இடது பையிலிருந்து கிளம்பி ஊரைச் சுற்றிக் கும்பிட்டுவிட்டு வலது பைக்குப் போய்ச் சேரும்.

தங்கைக்கு அதில் சம்மதமில்லை. அவளுக்கு ஒரே மகள். காரைக்காலில் அந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். கிராமத்து வீட்டில் இருந்தால், பெண்ணுக்குப் பட்டப்படிப்பு எதற்கு என்ற கேள்வி தினமும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறப்படும் என்று தங்கைக்குத் தெரியும். டவுனில் ஒரு பழைய வீட்டை வாங்குவது, பின்கட்டில் தானும் மகளும் இருந்துகொண்டு முன்கட்டை வாடகைக்கு விடுவது, அந்த வாடகையில் சாப்பிட்டு மகளைப் படிக்கவைப்பது என்பது அவள் திட்டம். கொழுந்தனார் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்.

"வீட்டு வருமானத்துல குடும்பம் நடந்தா எனக்கும் சந்தோஷந்தான் அண்ணி. நடக்கலேன்னா வித்துட்டு ரெண்டு பேரும் ஊருக்கு வந்துடணும். பொண்ணுக்கு ஒரு எடமும் பாத்து வச்சிருக்கேன்."

எனவே மதிப்பீடு போடும் வேலை என்னிடம் வந்தது. எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்குச் சமையல்காரரையும் கணக்குக்கு என்னையும் கூப்பிடுவது வழக்கம். சமையல்காரரைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் உண்டு.

கடைத்தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு ஒன்று விலைக்கு வந்திருந்தது. சொந்தக்காரர்கள் பிரான்ஸ் போய்த் தங்கிவிட்டவர்கள். பத்திரம் பிரெஞ்சில் இருந்தது. தங்கை ஏற்கெனவே ஒரு தாளில் செலவெல்லாம் எழுதி வைத்திருந்தாள். வெள்ளையடிக்கும் செலவைத் தரையின் அளவை வைத்துப் போட்டிருந்தாள். சுவரை நிமிர்ந்து பார்க்கச் சொன்னேன். வெயிலுக்குப் பயந்த அந்தப் புண்ணியவான்கள் கூரையைக் கிட்டத்தட்ட வானத்திலேயே வைத்திருந்தார்கள். ஏணி போதாது, சாரம் கட்ட வேண்டும். சுண்ணாம்பைவிடச் சவுக்குக் கம்புக்கு அதிகம் ஆகும். செலவை மூன்று மடங்காக்கினேன். கடற்காற்றில் ஜன்னல் கம்பிகள் துரு ஏறி உதிரும் என்று ஒரு வரி சேர்த்தேன். ஐப்பசி மழைக்கு முன் மொட்டைமாடித் தளத்தைப் பார்ப்பது, கிணறு தூர் எடுப்பது, கரையான், தரகர் கூலி, பெரியவர்கள் அப்போதும் பிரெஞ்சுப் பெயரால் 'மேரி' என்றே சொல்லிக்கொண்டிருந்த நகராட்சிக்கு வீட்டு வரி என்று ஒவ்வொன்றாக எழுதினேன். கடைசியில் வருமானப் பக்கத்துக்கு வந்து, அவள் போட்டிருந்த பன்னிரண்டு மாத வாடகையைப் பத்தாக்கினேன்.

"ஏண்ணே, ரெண்டு மாசத்தக் காணோம்?"

"வருஷத்துக்குப் பன்னெண்டு மாசம்ங்கிறது காலண்டருக்கும்மா. வாடகை வீட்டுக்குப் பத்து மாசந்தான். ஒருத்தர் காலி பண்ணி இன்னொருத்தர் வர்ற வரைக்கும் சும்மா கெடக்கும்."

"அந்த ரெண்டு மாசமும் நானும் எம் பொண்ணும் சும்மா கெடக்கணுமா?"

"வருஷக் கணக்குல சரிக்கட்டிக்கும்."

"வருஷத்துக்கு ஒரு தடவ சாப்புட்டா சரிக்கட்டிக்கும்."

நான் அரசுக் கணக்கில் பழகியவன். அரசு மார்ச் மாதக் கடைசியில் ஒரு தரம் மூச்சு விட்டால் போதும், அடுத்த மார்ச் வரை தாங்கும். வீட்டு அடுப்பு அப்படிப்பட்டதல்ல என்பதை அவள் எடுத்துச் சொன்ன விதம் எனக்குச் சற்று மரியாதைக் குறைவாகப் பட்டது. ஆனாலும் மொத்தத்தில் கணக்கு தேறியது. வீட்டை வாங்கினாள்.

வாடகைக்கு இரண்டு பேர் கேட்டு வந்தார்கள். ஒருவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். மாத வாடகை வேண்டாம், ஒத்திக்குத் தாருங்கள் என்றார். மொத்தமாக ஒரு தொகையை முதலிலேயே கொடுத்துவிடுவார். காலி செய்யும்போது அப்படியே திருப்பித் தர வேண்டும். கையில் இருக்கும்வரை பணம், செலவழித்தால் கடன் என்று தங்கைக்கு விளக்கினேன். இரண்டாவதாக வந்தது அரசு. எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. அவர்களுடைய கடிதம் ஏதாவது இன்னும் வழியில் இருக்கலாம். அவர்கள் இருந்த கட்டடத்தின் சொந்தக்காரர் பொறுமை இழந்து, ஆட்கள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே ஓடு பிரிக்கத் தொடங்கியிருந்தார். அவர் ஏன் பொறுமை இழந்தார் என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

அரசைப்போலக் குடித்தனக்காரர் உலகத்தில் கிடையாது என்பது என் கருத்து. சமைக்காது, சுவரில் கரி படியாது. விருந்தாளி வர மாட்டார்கள். மாலை ஆனால் பூட்டிக்கொண்டு போய்விடும். முக்கியமாக, ஒரு தரம் வந்துவிட்டால் காலி செய்யாது. மதிப்பீட்டை எடுத்துக் 'காலியாக இருக்கும் மாதங்கள்' என்ற வரியை அடித்தேன். பன்னிரண்டு மாதமும் வருமானப் பக்கத்துக்குத் திரும்பி வந்தது.

"சர்க்கார் காசு வந்துடுமாண்ணே?"

"சர்க்கார் காசு வராமப் போனதா சரித்திரமே இல்ல."

"எப்ப வரும்?"

"வரும்மா, வரும்."

அவள் கேட்டதும் நான் சொன்னதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை என்பதை அப்போது இருவருமே கவனிக்கவில்லை.

துறையின் அதிகாரி சாதுவான மனிதர். குடும்பத்தைப் பாண்டிச்சேரியில் விட்டுவிட்டு இங்கே தனியாக இருந்தார். சான்று வராமல் குடியேறலாமா என்று அவரிடம் கேட்டேன். "ஒரு வாரத்துல வந்துடும் சார். உங்களுக்குத் தெரியாததா?" என்றார். எனக்குத் தெரியும். ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்தது, அவர்கள் தலைக்கு மேல் ஓடு இல்லை. மறுநாள் காலை பீரோக்கள் வந்து இறங்கின.

பொறியாளர் வந்து அளந்தார். கோப்பு பாண்டிச்சேரிக்குப் போயிற்று. கட்டடத்தின் வரைபடம் எங்கே என்று கேட்டுத் திரும்பியது. வரைபடம் போயிற்று. பத்திரம் பிரெஞ்சில் இருக்கிறதே, மொழிபெயர்த்துச் சான்றொப்பம் வாங்கி அனுப்பவும் என்று வந்தது. அனுப்பினோம். மொழிபெயர்ப்பில் ஒரு கிணறு சொல்லப்படுகிறது, வரைபடத்தில் அதைக் காணவில்லை, அது வாடகைக்கு விட்ட பகுதியில் சேருமா சேராதா என்று அடுத்த கேள்வி. இதற்குள் தீபாவளி, பொங்கல் எல்லாம் ஆகிவிட்டன. காலியாக இருக்கும் மாதங்களுக்குக் கணக்கில் ஒரு வரி உண்டு. ஆள் நிறைந்திருந்து வாடகை வராத மாதங்களுக்கு வரியே கிடையாது. என் மதிப்பீடு தவறு என்று யாரும் சொல்ல முடியாது. வீடு ஒருநாள்கூடக் காலியாக இல்லை.

தங்கை மகள், என் மருமகள், கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தாள். "வாடகைன்னு ஒரு பாடமே இருக்கு மாமா. நம்ம வீட்டுலதான் இல்ல" என்றாள்.

கொழுந்தனார் மாதம் ஒருமுறை அரிசி மூட்டையும் தேங்காயும் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மோர் குடித்துக்கொண்டே கேட்பார்: "என்ன மச்சான், வந்துச்சா?" நான், "பரிசீலனையில இருக்குது" என்பேன். "அப்படின்னா?" என்பார். அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்டவரை அதற்கு முன் நான் சந்தித்ததில்லை.

கிணற்றைப் பற்றிய கேள்விக்கு நான்தான் பதில் எழுதிக்கொடுத்தேன். கிணறு பின்கட்டில் இருக்கிறது, வாடகைப் பகுதியில் சேராது என்று தெளிவாக எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான் அதன் அழகு எனக்கே தெரிந்தது. சேராது என்றால், அலுவலகத்துப் பியூன் தினமும் இரண்டு குடம் இறைத்துக்கொண்டு போகிறாரே, அது யார் தண்ணீர்? வாடகை கொடுக்கத் தலைமையிடம் அனுமதிக்க வேண்டும். ஆனால் குடிதண்ணீர், பெருக்குதல் போன்ற சில்லறைச் செலவுகளை அதிகாரி தம் கையெழுத்திலேயே கொடுக்கலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. அதிகாரியிடம் சொன்னேன். அவருக்கும் மனசாட்சி உறுத்திக்கொண்டிருந்தது, உடனே ஒப்புக்கொண்டார். அந்த மாதத்திலிருந்து தண்ணீருக்கும் பெருக்குவதற்கும் ரசீதில் கையெழுத்துப் போட்டுத் தங்கை காசு வாங்கினாள். கூடத்துக்கு வாடகை தர முடியாத அரசு, அதைப் பெருக்குவதற்கு மாதம் தவறாமல் கொடுத்தது.

ஆறேழு மாதம் இப்படி ஓடியது. பிறகு தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். அவர்கள் எழுதிய ஆட்சேபணையைத் தொழில்முறையில் நான் இன்றைக்கும் ரசிக்கிறேன். 'குடிநீருக்கும் துப்புரவுக்கும் செலவு காட்டப்பட்டுள்ளது. கட்டட வாடகைக்குச் செலவு ஏதும் இல்லை. எனில் இந்த அலுவலகம் எங்கே நடைபெறுகிறது?'

அதிகாரி பயந்துபோனார். தண்ணீர்க் காசு நின்றது.

மகளுக்கு இரண்டாம் வருடக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம். கொழுந்தனார் இந்த முறை அரிசி மூட்டை கொண்டுவரவில்லை. அதிலிருந்தே விஷயம் முடிவுக்கு வந்துவிட்டது என்று தெரிந்தது.

"போதும் அண்ணி. வீட்ட வாங்க ஆள் ரெடியா இருக்காரு. தை பொறந்ததும் அழச்சிக்கிட்டு வர்றேன்."

"தை வரைக்கும் டைம் குடுக்கறீங்கல்ல தம்பி?"

"குடுக்கறேன். அதுக்குள்ள என்ன மாறப்போவுது?"

அவர் போன பிறகு தங்கை என்னிடம், "அண்ணே, இன்னும் ஒரு மனு எழுதுவியே, எழுது. எனக்கு அடுப்புல வேலை கெடக்குது" என்றாள். மருமகள் பாடப்புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஐப்பசியில் மழை ஓயவே இல்லை. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கோ ஓட்டலுக்கோ போக முடியாமல் முன்கட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கடலுக்குப் போக முடியாத நாட்களிலும் காரைக்கால்மேட்டிலிருந்து வரும் மீன்காரம்மா எதையாவது கூடையில் கொண்டுவந்துவிடுவார். அன்று கொல்லைவாசலில் அரை மணி நேரம் பேரம் பேசித் தங்கை மத்தி வாங்கியிருந்தாள். குழம்பு கொதிக்கக் கொதிக்க, முன்கட்டில் தட்டச்சு இயந்திரத்தின் சத்தம் நின்றுபோயிற்று.

முதலில் வந்தவர் தட்டச்சர். "அம்மா, கொஞ்சம் உப்பு கெடைக்குமா?"

"உப்ப வச்சிக்கிட்டு என்னங்க பண்ணப்போறீங்க?"

"வெள்ளரிக்கா இருக்குதும்மா."

"மழைநாள்ல வெள்ளரிக்காயத் தின்னுட்டுக் காய்ச்சல்ல படுத்துடாதீங்க. உக்காருங்க. சாரயும் கூப்பிடுங்க."

அன்று எல்லாரும் சாப்பிட்டார்கள். மறுநாளும் மழை. மூன்றாம் நாள் வெயில் அடித்தது. அப்போதும் யாரும் ஓட்டலுக்குக் கிளம்பவில்லை. அந்த வாரக் கடைசியில் அதிகாரி பின்கட்டுக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, மாதக் கணக்காக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.

"ரூல் எடம் குடுக்குதா சார்?" என்றாள் தங்கை. அவளுக்கு இதெல்லாம் என்னிடமிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும்.

"இது எங்க சொந்தக் காசும்மா."

சம்பளப் பட்டுவாடா அவள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. ஒன்றாம் தேதி காசாளர் மேசையில் பணத்தைப் பிரித்து வைக்கும் நேரத்துக்குச் சரியாக, அவருக்கு ஒரு தம்ளர் மோரோடு தங்கை வந்து நின்றுவிடுவாள். சம்பளம் சட்டைப்பைக்குப் போகும் வழியில் அவளைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. வசூலுக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் எந்தக் கருவூலத்திலும் பார்த்ததில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். விறகு, மீன், எண்ணெய், அரிசி, அவளுடைய உழைப்பு எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது, வந்திருக்க வேண்டிய வாடகையைவிடக் குறைவு என்று காட்டினேன்.

"கொறச்சல்தான். ஆனா வருதுல்ல?" என்றாள் அவள். "அது நெறைய. வரல."

இரண்டாம் வருடக் கட்டணத்தை அபராதத்தோடு கட்டினாள். ஆனால் கட்டினாள்.

தை பிறந்தது. சொன்னபடியே கொழுந்தனார் வீடு வாங்குகிறவரை அழைத்துக்கொண்டு வந்தார். வந்த நேரம் மத்தியானம். கூடத்தில் அரசாங்கம் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. இவர்கள் இருவரையும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இடம் நகர்ந்து கொடுத்தார்கள், இலை விழுந்தது. வீடு வாங்க வந்தவர் இரண்டாம் தரம் குழம்பு கேட்டு வாங்கினார். சாப்பிட்டுக் கைகழுவக் கிணற்றடிக்கு வந்தபோது, தங்கை சொம்பை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

"தம்பி, குடும்பம் நடக்குதா, இல்லயா?"

"நடக்குது அண்ணி. ஆனா நாம பேசுனது வீட்டு வருமானம். இது சமையல் வருமானமாச்சே."

"குடியிருக்கிறவங்க குடுக்கிற காசு வீட்டு வருமானம் இல்லயா தம்பி? அண்ணன கேளுங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். வாடகைதாரரிடமிருந்து பெறும் வரவு எதுவாயினும், அது அந்தச் சொத்திலிருந்து எழும் வரவே என்று தீர்ப்புச் சொன்னேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று இன்றுவரை நான் தேடிப் பார்த்ததில்லை. கொழுந்தனார் கையைத் துடைத்துக்கொண்டார்.

"படிக்கட்டும் அண்ணி" என்றார். "அந்த எடத்துக்கு வேணாம்னு சொல்லி அனுப்பிடறேன்."

கோப்பு அதன் பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது. நானும் ஆறு மாதத்துக்கு ஒரு நினைவூட்டு மனு எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. தலைமையிடத்திலிருந்து ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் ஏனோ மத்தியானத்துக்குச் சற்று முன்பாகவே வந்து சேரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் வஞ்சிரம் வறுவலைச் சாப்பிட்டுக்கொண்டே, "அருமையான கட்டடம். வாடகை எவ்வளவு?" என்று கேட்டார். "சாப்புடுங்க சார், அது ஒங்க மேசைமேலதான் இருக்குது" என்றாள் தங்கை. அவர் அடுத்த துண்டுக்குக் கை நீட்டினார்.

மருமகள் பட்டம் வாங்கினாள். பிறகு ஆசிரியர் பயிற்சி முடித்தாள். எண்பதுகள் பிறந்தபோது பட்டினச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சாதுவான அதிகாரி மாற்றலாகிப் போனார், அடுத்தவர் வந்தார், அவரும் மாதக் கணக்கில் சேர்ந்தார்.

பதில் வந்த அன்று உள்ளூர் விடுமுறை. முன்கட்டு பூட்டிக் கிடந்தது. சுவாமி ஊர்வலம் தங்கை வீட்டு வழியாகப் போகும் என்பதால் கொழுந்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். எல்லாரும் மொட்டைமாடியில் கூடையோடு நின்று, ஊர் வழக்கப்படி வேண்டுதலுக்கு மாம்பழத்தைக் கூட்டத்தில் வீசிக்கொண்டிருந்தார்கள். கீழே ஆயிரம் கைகள். உள்ளூர் விடுமுறை தபால் இலாகாவைக் கட்டுப்படுத்தாது. தபால்காரர் அந்தக் கூட்டத்தில் நீந்தி, தோளில் பட்ட ஒரு பழத்தோடு, பதிவுத் தபாலைத் தலைக்கு மேல் பிடித்தபடி வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

என்னோடு கீழே இறங்கி வந்த தங்கை கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையை என்னிடம் கொடுத்தாள். "படிண்ணே. மேல பழம் தீந்துடப்போவுது."

படித்தேன். சான்று தரப்பட்ட நாளிலிருந்து, அதாவது சென்ற மாதத்திலிருந்து, வாடகை அனுமதிக்கப்படுகிறது. அதற்கு முந்தைய காலத்தைப் பொறுத்தவரை, முறையான அனுமதி இன்றி அலுவலகம் கட்டடத்துக்குள் நுழைந்ததற்கான காரணத்தைக் கட்டட உரிமையாளர் எழுத்துமூலம் தெரிவித்தால் பரிசீலிக்கப்படும்.

"அவங்க ஏன் உள்ள வந்தாங்கன்னு நான் எழுதிக் குடுக்கணுமா?"

"ஆமா."

அவள் படியேறிக்கொண்டே சொன்னாள். "பசிச்சிருக்கும்னு எழுதிடு."

ஒப்புகை அட்டையில் அவள் கைவிரல் பட்ட இடத்தில் மாம்பழச் சாறு ஊறி, தபால் முத்திரையின் தேதி படிக்க முடியாமல் போய்விட்டது. கோப்பு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக இங்கே குறித்துவைக்கிறேன். பதில் கிடைத்த நாள்: ஆனி மாதப் பௌர்ணமி, மாங்கனித் திருவிழா.